சர்க்கரைக்கு வரும் குறுஞ்செய்தி

ரேஷன் கடையில் சர்க்கரை வாங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் கைபேசியில் செய்தி வந்துவிடுகிறது. இன்ன அட்டைக்கு இத்தனை கிலோ அரிசி, இத்தனை கிலோ சர்க்கரை, பாமாயில் ஒரு லிட்டர், மொத்தம் இவ்வளவு ரூபாய். கிலோ 25 ரூபாய்ச் சர்க்கரைக்கு இவ்வளவு அக்கறை. வாங்காத பருப்புக்கும் சில வீடுகளுக்குச் செய்தி வருவதுண்டு. அந்தக் கதையை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். இங்கே எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: அரசாங்கத்துக்கு நம் எண் தெரியும். நினைத்தால் நிமிஷத்தில் நம் சட்டைப் பைக்குள் வந்து பேசிவிடும்.

2021 ஜூன் கடைசியில், பெங்களூரைச் சேர்ந்த டெக்னிசாங்க்ட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து வெளியே சொன்னது. தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தில் இருக்கும் 49,19,668 பேரின் விவரங்கள், ஹேக்கர்கள் சரக்கு மாற்றிக்கொள்ளும் இணையதளம் ஒன்றில் ஏற்றப்பட்டிருந்தன. ஆதார் எண், முகவரி, குடும்ப விவரம், அதோடு 3,59,485 கைபேசி எண்கள். துறையின் இணையதளத்திலிருந்தே போனதா, நடுவில் வேலை எடுத்துச் செய்யும் வேறு யாரிடமிருந்தாவது போனதா என்பது அப்போது உறுதியாகவில்லை. ஏற்றிய இணைப்பு சீக்கிரமே எடுக்கப்பட்டுவிட்டது. டெல்லியில் இருக்கும் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்புக்கும் மாநில சைபர் க்ரைம் போலீசுக்கும் அந்த நிறுவனம் தகவல் கொடுத்தது. பேப்பரில் வந்தது. இரண்டு நாளில் பேப்பர் பழைய பேப்பராகிவிட்டது.

சர்க்கரைக்குச் செய்தி அனுப்பும் அதே எண்ணிலிருந்து, "உங்கள் குடும்ப விவரம் வெளியே போயிருக்கலாம், வங்கிக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி யாருக்காவது வந்ததா? நான் கேள்விப்படவில்லை. நாற்பத்தொன்பது லட்சம் பேர் என்றால் மாநிலத்தில் ஏறக்குறைய பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. எங்கள் அம்மையார்குப்பத்தில் ஒரு தெருவுக்கு எத்தனை வீடு அதில் விழுந்தது? யார் வீடு? பட்டியல் திருடனிடம் இருக்கிறது, கண்டுபிடித்தவரிடம் இருக்கிறது, அதிகாரிகளிடமும் இருந்திருக்கும். பட்டியலில் பெயர் உள்ளவரிடம் மட்டும் இல்லை.

இதெல்லாம் ஆறின கஞ்சி, இப்போது எதற்கு என்பார்கள். கைபேசி எண்ணை மாற்றலாம், வங்கிக் கணக்கை முடித்துவிட்டு வேறு தொடங்கலாம். ஆதார் எண் அன்றைக்கு இருந்ததுதான் இன்றைக்கும். என் அப்பா பெயரும் என் வீட்டுக் கதவு எண்ணும் அதேதான். திருடினவனுக்கு இந்தச் சரக்கு கெட்டுப்போவதே இல்லை.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. விசைத்தறி ஓட்டுகிறவன். தினம் பேப்பர் படிக்கிற ஆள் என்பதால் தெருவில் யாருக்குப் போனில் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். "இது இன்னாப்பா, நல்லதா கெட்டதா?" என்பது கேள்வி. தறிச் சத்தத்தில் அவர்கள் சொல்வது பாதி காதில் விழாது. தறியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அப்படி ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தார்கள். மகளிர் உரிமைத் தொகை நின்றுவிட்டது, திரும்ப வர ஓடிபி எண்ணைச் சொல்லுங்கள் என்று ஒருவன் அழைத்திருக்கிறான். நல்ல வேளை, ஓடிபி போன கைபேசி பேரன் கையில் இருந்தது, அவன் கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். பணம் தப்பியது.

"இப்படிப் போன் வந்தா எடுக்கக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொன்னேன் பெரியம்மா" என்று கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். பெரியம்மா அசரவில்லை.

"அவன் எங்க ஊட்டுக்காரர் பேரைச் சொன்னான். மருமவ பேரைச் சொன்னான். அட்டைல எத்தினி பேருன்னு சொன்னான். இதெல்லாம் கவருமெண்டுக்குத்தானே தெரியும்? அப்போ அவன் கவருமெண்டுதானே?"

எனக்குப் பதில் வரவில்லை. பெரியம்மாவின் கணக்கில் எங்கே தப்பு? ஒரு வீட்டின் விவரம் முழுக்க அரசாங்கத்திடம் மட்டும் இருக்கிறது என்று நம்பித்தான் நாம் கொடுத்தோம். அதைச் சொல்லத் தெரிந்தவன் அரசாங்கத்து ஆள் என்று அவர் நினைத்ததில் ஒரு பிசகும் இல்லை. அந்த விவரம் எங்கிருந்து அவன் கைக்குப் போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. ரேஷன் பட்டியலா, முகாமில் கொடுத்த மனுவா, ஜெராக்ஸ் கடையா, காப்பீட்டுக்காரரா. ஆனால் போன விவரம் அவனுக்கு என்னவாகப் பயன்படுகிறது என்று தெரிகிறதல்லவா? அடையாள அட்டையாகப் பயன்படுகிறது. 'தெரியாத நபரிடம் உங்கள் விவரங்களைச் சொல்லாதீர்கள்' என்று சுவர் சுவராக எழுதுகிறார்களே, அவன் பெரியம்மாவிடம் விவரம் கேட்கவே இல்லை. அவன்தான் சொன்னான்.

நாம் கொடுத்தது கொஞ்சமா? விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவச மின்சாரம், கைத்தறிக்கு 300 யூனிட். நல்ல திட்டம், குறை சொன்னால் நாக்கு அழுகும். அதற்கு ஆதார். 2022 கடைசியில் மின் இணைப்போடு ஆதாரைச் சேர் என்றார்கள், மின்வாரிய அலுவலக வாசலில் வரிசை. 2023இல் உரிமைத் தொகை முகாம்: ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், மின் கட்டண அட்டை, கைபேசி எண், அத்தனையும் ஒரே விண்ணப்பத்தில். நெசவாளர் அடையாள அட்டைக்கு, முதியோர் பென்ஷனுக்கு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு, அரசு ஆஸ்பத்திரிக் காப்பீட்டு அட்டைக்கு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, பையனின் மார்க்கைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி முடிப்பதற்குள் கல்லூரிகளிலிருந்து போன் வரிசையாக வருகிறது. யார் கொடுத்தது எண்ணை? நாம் கொடுத்தோம், எங்கோ ஒரு படிவத்தில்.

முகாம் என்றால் முதல் கூட்டம் ஜெராக்ஸ் கடையில்தான். அந்தக் கடைத் தம்பியின் வாட்ஸ்அப்பில் இந்த வட்டாரத்து ஆதார் பாதி கிடக்கும். நல்ல பையன், பிரிண்டுக்கு அஞ்சு ரூபாய் வாங்குவான், வயசானவர்களுக்குச் சும்மா போட்டுக் கொடுப்பான். பிரிண்ட் எடுத்ததும் கோப்பை அழித்துவிட வேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒருதடவை சொல்லத்தான் சொன்னார்கள். 2022 மே 27ஆம் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூர் வட்டார அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டது: ஆதார் நகலை எவரிடமும் கண்டபடி கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தக்கூடும், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள், இன்டர்நெட் சென்டர் கம்ப்யூட்டரில் ஆதாரை இறக்காதீர்கள், இறக்கினால் அழித்துவிடுங்கள். உருப்படியான அறிவுரை. இரண்டே நாளில், மே 29ஆம் தேதி, மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி அந்த அறிவிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வழக்கமான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதுமாம். டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த தாளில் யாரோ ஒரு பெண்மணியின் ஆதார் நகலைப் பார்த்திருக்கிறேன். வழக்கமான எச்சரிக்கை எங்கள் பக்கத்தில் அந்த அளவில் இருக்கிறது.

விவரத்தைக் கொடுப்பதில் எனக்குக் கோபமில்லை. அரிசிக்கும் மின்சாரத்துக்கும் கணக்கு வேண்டும், போலி அட்டை ஒழிய வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வயிற்றெரிச்சல் எங்கே என்றால், போன பிறகு வருகிற பேச்சில். அது ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருகிறது. கூடங்குளத்தையே பாருங்கள். 2019 செப்டம்பர் 4ஆம் தேதி அணுமின் கழகத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் தீம்பொருள் இருப்பதைச் செர்ட்-இன் கவனித்துச் சொல்லியிருக்கிறது. அக்டோபர் 28, 29 வாக்கில் செய்தி வெளியே கசிந்தது. அப்படித் தாக்கவே முடியாது என்று 29ஆம் தேதி அணுமின் நிலையத்திலிருந்து அறிக்கை. மறுநாளே, ஆமாம், தீம்பொருள் இருந்தது உண்மைதான், ஆனால் நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டரில்தான், உலைப் பக்கம் போகவில்லை என்று கழகத்தின் அறிக்கை. உலைப் பக்கம் போகாதது பெரிய நிம்மதி. ஆனால் ஒருநாளில் இரண்டு பேச்சு பேசினால் மூன்றாவது பேச்சை யார் நம்புவார்கள்?

2023 ஜூனில் கோவின் என்ற கொரோனா தடுப்பூசிப் பதிவுத் தளம். தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் கைபேசி எண்ணை டெலிகிராமில் ஒரு தானியங்கிக் கணக்குக்கு அனுப்பினால், பெயர், பிறந்த வருஷம், கொடுத்த அடையாள அட்டையின் எண், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்து விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் பெரிய பெரிய தலைவர்களின் எண்ணைப் போட்டே பார்த்துவிட்டு எழுதினார்கள். ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்றது சுகாதார அமைச்சகம். பத்து நாளில் பீகாரில் ஒருவரைப் பிடித்தார்கள். ஆதாரமில்லாத விஷயத்துக்கு ஆள் எப்படி அகப்பட்டான் என்று கேட்கக் கூடாது.

இதற்கெல்லாம் அப்பன் 2018. ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் யாருடைய ஆதார் விவரத்தையும் பார்க்க வழி கிடைக்கிறது என்று சண்டிகரின் டிரிப்யூன் பத்திரிகையில் ரச்னா கைரா என்ற நிருபர் எழுதினார். ஆதார் ஆணையம் கொடுத்த புகாரில் முதல் தகவல் அறிக்கையில் அந்த நிருபரின் பெயரும் ஏறியது. ஓட்டை இருக்கிறது என்று சொன்னவர் மேல் வழக்கு. நம் ஊரில் கூரை ஒழுகுகிறது என்று சொன்ன குடித்தனக்காரரை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த நியாயம்.

ஆந்திர எல்லை தாண்டினால் வேறு மாதிரி இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. எங்களுக்கு நகரியும் ஏகாம்பரகுப்பமும் புத்தூரும் பக்கம். அங்கேயும் தறி, அங்கேயும் சம்பந்தி வீடு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பிணைப்புத் தீம்பொருள் உலகம் முழுக்க ஓடினபோது சித்தூர் உட்பட ஆந்திராவின் ஐந்து மாவட்டங்களில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன. திருமலை தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களையும் அது விடவில்லை. பெருமாளுக்கே பூட்டுப் போட்டுப் பணம் கேட்டார்கள். அந்த ஓட்டையை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாகியும் பலர் அதைப் போடவில்லை. 2021 செப்டம்பரில் நம் தலைமைச் செயலகத்திலேயே, முக்கியப் பிரமுகர்களின் வருகை ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொதுத்துறையின் கம்ப்யூட்டர்களை ஒருவன் பூட்டி 1,950 டாலரைக் கிரிப்டோவில் கேட்டான். அன்றைய விலையில் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. மிரட்டல் தொகையைப் பார்த்தபோது எனக்குப் பயத்தைவிடக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

பெரிய இடத்தை விடுங்கள். வேலையாகப் போன ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. அதில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும். அதிகாரியின் கணக்கு, உட்கார்ந்து தட்டுகிறவர் ஒப்பந்தத்தில் வந்த பிள்ளை. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். ஒருநாளைக்கு இத்தனை மனு ஏற்ற வேண்டும் என்று கணக்கு, சர்வர் நடுவில் நின்றுபோகும், வெளியே எங்களைப் போன்றவர்கள் கத்திக்கொண்டிருப்போம். பாஸ்வேர்டை மனப்பாடம் செய்ய அதற்கு எங்கே நேரம்? 2024 மே மாதம் தமிழ்நாடு போலீசின் முக அடையாள மென்பொருளுக்குள் ஆள் புகுந்தபோதும் ஒரு கணக்கின் பாஸ்வேர்டு வெளியே போனதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. நம் முகத்தைப் பார்த்து நம்மை அடையாளம் காணும் இயந்திரத்துக்கு, தன்னிடம் உள்ளே வருகிறவன் யார் என்று தெரியவில்லை.

இதற்கெல்லாம் கொள்கை இல்லையா? இருக்கிறது. தமிழ்நாடு 2020இலேயே சைபர் பாதுகாப்புக் கொள்கை வெளியிட்டது, 2024இல் அதைப் புதுப்பித்து இரண்டாம் பதிப்பும் போட்டது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும், அரசுத் துறைகளும் சேர்த்துத்தான். கறாரான உத்தரவு, கைதட்டலாம். ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும்? செர்ட்-இன்னிடம். விவரத்துக்குச் சொந்தக்காரரிடம் எத்தனை மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுச் செர்ட்-இன்னிடமே கேட்டுவிடலாம் என்றால், 2023 நவம்பரில் அந்த அமைப்பை உளவுத்துறைகளின் வரிசையில் சேர்த்துத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். பத்து ரூபாய் மனுக் கட்டணம் மிச்சம்.

எங்களுக்கு மிஞ்சுவது விழிப்புணர்வு. 2025இல் கொஞ்ச காலம் யாருக்குப் போன் போட்டாலும் மணி அடிக்கும் முன்னே சைபர் மோசடி எச்சரிக்கை ஓடியது ஞாபகம் இருக்கும். ராத்திரி நேரத்தில் நெஞ்சுவலி என்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டால், முதலில் ஓடிபியைப் பகிராதே என்று பாடம். கேட்டுக் கேட்டு ஜனங்கள் திட்டினார்கள், ஜூன் மாதம் நிறுத்தினார்கள். பணம் போனால் 1930க்கு அடி என்கிறார்கள்; நல்ல ஏற்பாடுதான், சீக்கிரம் அடித்தவர்களுக்குப் பணத்தை முடக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது வீடு தீப்பிடித்த பிறகு வருகிற வண்டி. தீக்குச்சி யார் கைக்கு எப்படிப் போனது என்பது வேறு கேள்வி, அதை யாரும் எடுப்பதில்லை.

கைரேகைப் பூட்டு என்று ஒன்று சொல்கிறார்கள். அதை விளக்கியே ஆக வேண்டும். ஆதார் எண், வங்கியின் பெயர், பெருவிரல், இந்த மூன்றும் இருந்தால் போதும், ஊருக்குள் மெஷின் வைத்திருப்பவரிடம் பணம் எடுக்கலாம். ஓடிபி வேண்டாம், பின் நம்பர் வேண்டாம். முதியோர் பென்ஷன் வாங்குகிற ஆயாக்களுக்கு இது பெரிய வசதி. பஸ் ஏறி வங்கிக்குப் போக வேண்டியதில்லை. 2022இல் ஐதராபாத்தை ஒட்டிய சைபராபாத் போலீசார் ஒரு கும்பலைப் பிடித்தார்கள். அவர்கள் ஆந்திரப் பதிவுத்துறை இணையதளத்தில் இருந்த நிலப் பத்திரங்களை இறக்கி, அதிலிருந்த கைரேகையை நகல் விரலாக வார்த்து, இந்த முறையில் பணம் எடுத்திருக்கிறார்கள். ஆதார் எண்ணும் ரேகையும் ஒரே பத்திரத்தில் இருந்தன. அரசாங்கமே சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

இதற்கு அரசாங்கம் சொல்லும் மருந்து: ஆதார் செயலியில் போய் உங்கள் கைரேகையைப் பூட்டிக்கொள்ளுங்கள். சரி, பெரியம்மாவுக்குப் பூட்டிக் கொடுத்தேன். மாசம் பிறந்தது, ரேஷன் கடைக்குப் போனார்கள், விரல் வைத்தார்கள், மெஷின் ஏற்கவில்லை. கருவிழியைக் காட்டச் சொன்னார்கள், அதுவும் ஏற்கவில்லை. எப்படி ஏற்கும்? பூட்டினால் எல்லாம் சேர்ந்துதான் பூட்டும். அரிசி வேண்டுமென்றால் செயலியில் பூட்டைத் திறக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் அது தானாக மறுபடி பூட்டிக்கொள்ளும், அதற்குள் வரிசை நகர்ந்து அவர் முறை வர வேண்டும், அந்த நேரம் கடையின் மெஷினுக்கு சிக்னல் இருக்க வேண்டும். பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன். நூல் ஓட்டி ஓட்டித் தேய்ந்த விரல் அவருடையது, பூட்டாத நாளிலேயே ரேகை விழ நாலு தடவை துடைத்து அழுத்த வேண்டும். "ஏம்பா, எங்கிட்ட இருக்கறதே இந்த வெரலு ஒண்ணு, அதையும் பூட்டச் சொல்றியே" என்றார்கள். பூட்டை எடுத்துவிட்டோம். இப்போது அந்த விரல் அம்போ என்று திறந்துதான் கிடக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்து அரசாங்கம் காக்க வேண்டிய ஒன்றைப் பட்டன் போன் வைத்திருக்கும் எழுபது வயதுக்காரரிடம் தள்ளிவிட்டு, அதற்குப் பெயர் பயனர் பாதுகாப்பு.

தாக்குதலே நடக்காத நாடு உலகத்தில் இல்லை என்பது எனக்கும் தெரியும். சிங்கப்பூரில் 2018இல் நடந்தது. அங்குள்ள பெரிய அரசு மருத்துவக் குழுமமான சிங்ஹெல்த்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரம் போயிற்று. 1,60,000 பேருக்கு எழுதிக் கொடுத்த மருந்துப் பட்டியலும் போயிற்று. அதில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்துப் பட்டியலும் உண்டு. அங்கேயும் பாஸ்வேர்டு என்ற ஆங்கிலச் சொல்லையே கொஞ்சம் திருகி ஒரு நிர்வாகக் கணக்குக்குப் பூட்டாகப் போட்டிருந்தார்கள் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. ஆக, முட்டாள்தனத்தில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசமில்லை. வித்தியாசம் அதற்குப் பிறகு. ஜூலை 4ஆம் தேதி கண்டார்கள், 20ஆம் தேதி அமைச்சர்கள் வந்து உட்கார்ந்து ஊருக்குச் சொன்னார்கள். என் மருந்துப் பட்டியலும் போய்விட்டது என்று பிரதமரே எழுதினார். அந்த மருத்துவமனைகளுக்கு வந்து போன ஒவ்வொருவருக்கும் அடுத்த சில நாட்களில் குறுஞ்செய்தி: உங்கள் விவரம் போயிருக்கிறது, அல்லது போகவில்லை. போகாதவர்களுக்கும் அனுப்பினார்கள் பாருங்கள், அங்கேதான் என் வயிறு எரிகிறது. பிறகு விசாரணைக் குழு, அதன் அறிக்கை 2019 ஜனவரியில் மக்கள் படிக்கும்படி வெளியானது. மருத்துவக் குழுமத்துக்கு இரண்டரை லட்சம் வெள்ளி, அதன் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்ட நிறுவனத்துக்கு ஏழரை லட்சம் வெள்ளி அபராதம். நம் பக்கத்திலிருந்து போய் அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குறுஞ்செய்தி வந்திருக்கும். ஊரில் இருக்கும் அவர்களுடைய அப்பா அம்மாவுக்குச் சர்க்கரைச் செய்தி.

எங்கள் தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். ஓட்டுகிறவன் தூங்கினாலும் அது தூங்காது. அறுந்த இடத்தைப் பார்த்துச் சரிசெய்தால்தான் மறுபடி ஓடும். நூறு வருஷத்துக்கு முந்திய இரும்புச் சாமானுக்கு இருக்கிற அந்த அறிவு, கோடி கோடியாய் டெண்டர் விட்டுக் கட்டுகிற மென்பொருளுக்குப் பின்னால் இருக்கிற நிர்வாகத்துக்கு இல்லை. அறுந்தது தெரிந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இப்போது சட்டம் வந்துவிட்டதே என்று ஆறுதல் சொல்வார்கள். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். ஆறு வருஷம் கழித்து 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் வர இன்னும் இரண்டு வருஷம், 2025 நவம்பர். சட்டத்தில் எனக்கு வேண்டியது இருக்கத்தான் செய்கிறது: விவரம் வெளியே போனால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்று எட்டாம் பிரிவில் இருக்கிறது. பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். அடுத்த பக்கம் புரட்டினால், அது நடைமுறைக்கு வர விதிகள் வெளியானதிலிருந்து பதினெட்டு மாதம். அதாவது 2027 மே.

இன்னும் படித்தேன். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். பரவாயில்லையே என்று தோன்றும். அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். விவரம் பறிபோனவருக்கு அதில் ஒரு பைசா இல்லை. மாநிலத் துறை ஒன்று அபராதம் கட்டினால் நம் வரிப் பணம் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும், நமக்கு அதுவும் ஒரு குறுஞ்செய்தியாகக்கூட வராது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு, நிறுவனங்கள் அலட்சியமாக இருந்தால் பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கலாம் என்றது. புதுச் சட்டம் முழுதாக வரும்போது அதுவும் போகும். அரசாங்கம் தான் குறிப்பிடும் தன்னுடைய அமைப்புகளுக்கு நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு மட்டும் கடமைகள் தனியாக எழுதியிருக்கிறது: பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். எது அற்பம் என்று முடிவுசெய்ய டெல்லியில் ஒரு வாரியம். பெரியம்மா அங்கே போய், அவன் என் மருமகள் பெயரைச் சொன்னான் என்றால் அற்பமா இல்லையா?

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. மனு வாங்கும் ஒவ்வொரு துறையும் அதை எத்தனை நாள் வைத்திருக்கும், எப்போது அழிக்கும் என்று ரசீதிலேயே அச்சடிக்கட்டும். எதற்கெடுத்தாலும் ஜெராக்ஸ் கேட்பதை நிறுத்தட்டும். எண்ணையும் ரேகையையும் கம்ப்யூட்டரில் சரிபார்த்துவிட்டு எதற்குத் தாளும் வேண்டும்? தட்டச்சு செய்யும் பிள்ளைக்குத் தனிக் கணக்கு, முதல் மாதச் சம்பளத்துக்கு முன்னால் ஒருநாள் பயிற்சி. போய்விட்டது என்றால் ஒரு செய்தி, தமிழில், பெரியம்மாவுக்குப் படித்துச் சொன்னால் புரிகிற தமிழில். 2027 மே வரை சட்டம் வந்து கழுத்தைப் பிடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. சர்க்கரைக்குச் சட்டம் போட்டா செய்தி அனுப்பினார்கள்?

அதுவரை முகாம்கள் நடக்கும். போன முகாமில் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றுக்கும் இரண்டிரண்டு செட் கேட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"வேலை முடிஞ்சதும் இந்த ஜெராக்ஸெல்லாம் எங்க சார் போவும்?"

நல்ல மனிதர். மறைத்துப் பேசத் தெரியாதவர். "மேல அனுப்பிடுவோம்ணா."

"மேலன்னா எங்க?"

கட்டைத் தட்டிச் சமன்செய்து பக்கத்திலிருந்த சாக்குப் பைக்குள் போட்டபடி சொன்னார்: "அண்ணா, பின்னால லைன் நிக்குது பாருங்க."